ஆள் இருந்த காலி வீடு

தெருமுனை வீட்டுக்காரரை எல்லோரும் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், அதை வைத்துப் பல்செட் செய்துகொடுப்பது இவர் தொழில். அந்த வட்டாரத்தில் வயதானவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு இவருடைய முன்னறையில் தயாரானது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கட்டட அலுவலகத்துக்குத்தான் தெரியக்கூடாது.

காரணம் இருந்தது. அலுவலகத்து வரைபடத்தில் அந்தப் பகுதி முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருக்க மட்டும். தைக்கலாம், பாட்டுச் சொல்லிக்கொடுக்கலாம், சத்தமில்லாமல் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மோட்டார் வைத்துத் தொழில் நடத்தக்கூடாது. பாவம், வீடு வாங்கும்போது மனிதருக்கு இது தெரியாது. பதினேழு வயதிலிருந்து யாரோ ஒருவருடைய ஜன்னலில்லாத அடித்தளத்தில் உட்கார்ந்து பல் தேய்த்தவர். வெளிச்சம் வருகிற ஓர் அறை, அதுவும் சொந்த அறை என்றதும் மற்றதையெல்லாம் மறந்துவிட்டார். பல்செட்டை மெருகேற்றுகிற மோட்டாரை முன்னறையில் பொருத்திய அடுத்த மாதம், பின்தெருவில் ஒரு தச்சரின் அறைக்கு அரக்கு முத்திரை வைத்ததைப் பார்த்தார். இயந்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தச்சர் கையில் ஓர் உளியை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அன்றைக்குப் பிடித்த பயம் இருபத்திரண்டு வருஷமாக விடவில்லை.

ஏற்கெனவே அவர் ஒன்றும் பெரிய வீரர் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வண்டி வருகிற சாலையைக் கடப்பதற்குக்கூட இரண்டு பக்கமும் நாலு தடவை பார்ப்பவர். அவருக்கு வாய்த்த மனைவியும் அப்படித்தான். தபால்காரர் கொஞ்சம் பலமாகத் தட்டினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரிதான் அதற்குக் காவல். தெருவில் அலுவலகத்து ஆள் மாதிரி யாராவது தென்பட்டால் அவள் கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டுத் தட்டுவாள். உடனே மோட்டார் நிற்கும், திரை விழும், பல் அச்சுகள் கொதிக்கிற அடுப்பு அணையும். இரண்டு பேரும் சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். இருமல் வந்தால்கூட விழுங்கிவிடுவார்கள். வந்தவர் போன பிறகு ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் மூச்சு.

நாளாக ஆக இதில் அவர்கள் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். முன்பக்க ஜன்னல் எப்போதும் சாத்தியே கிடக்கும். துணியைப் பின்பக்கம் உலர்த்துவார்கள். வாசல் சுவருக்கு வெள்ளையடித்து ஒன்பது வருஷமாயிற்று, அடித்தால் கண்ணில் படுமே என்று விட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது பாழடைந்த வீடாகத் தெரிந்ததில் மனைவிக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

போன வருஷம் புதிய நகர வரைபடத்துக்காகக் கணக்கெடுக்க ஓர் அளவைக்காரர் வந்தார். அக்குளில் அட்டை, கையில் டேப், முகத்தில் வெயில். கத்தரிக்கோல் தட்டியது. இருவரும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர் கதவைத் தட்டினார், சுற்றிப் பார்த்தார், போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதே கூத்து. மூன்றாவது தடவை வந்தபோது எதிர்வீட்டுக்குப் போய் விசாரித்தார்.

"அந்த வீட்டுல யாருமா இருக்காங்க?"

"யாரும் இல்லைங்களே," என்றாள் தையல்காரி. "நான் பார்த்ததே இல்லை."

சினேகிதத்துக்காகச் சொன்ன பொய். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லையாம், பிற்பாடு அவளே சொல்லிச் சொல்லி அழுதாள்.

அளவைக்காரர் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். பல்லுக்காரர் அதைக் கையால் தொடவில்லை. கொதிநீரிலிருந்து அச்சுகளை எடுக்கிற இடுக்கியால் உரித்தெடுத்து, படிக்காமலே, வாய் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டார். படித்தால்தானே பதில் சொல்லவேண்டும் என்பது அவருடைய கணக்கு. இப்படி ஒரு கணக்கை அவரைத் தவிர வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் தையல்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது. மகளுடைய பிறப்புச் சான்றிதழுக்காக நகராட்சிக்குப் போனவள், அங்கேயே இருந்த கட்டட அலுவலகத்தின் கூடத்துச் சுவரில் புதிய வரைபடத்தைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, நம்ம தெரு பூரா மஞ்சளா இருக்கு. உங்க வீடு மட்டும் பச்சை."

"பச்சைன்னா நல்லதுதானே?" என்றார் பல்லுக்காரர்.

"பச்சைன்னா பூங்காவாம்ணே. காலி வீடு, இடிச்சுட்டுப் பூங்கா போடப்போறாங்களாம். ஆட்சேபம் சொல்ல இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

 மனைவி ஓடிப்போய்ப் பிளாஸ்டர் மூட்டையைத் தள்ளி அந்தத் தாளை எடுத்தாள். தாள் பாதி வெள்ளையாய்க் கெட்டியாகியிருந்தது. படிக்க முடிந்த வரை, 'பயன்பாட்டில் இல்லாத கட்டடம் எனக் குறிக்கப்பட உள்ளது, உரிமையாளர் இருப்பின்' என்று இருந்தது. மிச்சம் பிளாஸ்டருக்குள் இருந்தது.

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினாரோ அதே கட்டடம்.  கூடத்தில் வரைபடத்தைத் தேடிப் பார்த்தார். மஞ்சள் வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பச்சைச் சதுரம். அதற்குள் மரத்துக்கு அடையாளமாக மூன்று வட்டம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வட்டம் சரியாக அவர் கட்டில் போட்டிருக்கிற இடத்தில் இருந்தது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கோபக்காரி இல்லை. அதுவே பல்லுக்காரருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உங்க வீட்டுக்கு மூணு தடவை ஆள் வந்திருக்காங்க. பக்கத்துல விசாரிச்சதுக்கும் யாரும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. இப்ப வந்து குடியிருக்கோம்னு சொல்றீங்க. ஆதாரம் என்ன இருக்கு?"

பத்திரமும் அடையாள அட்டையும் நீட்டினார்.

"இது உரிமைக்குத்தான் ஆதாரம். இருக்கறதுக்கு இல்லை. ஆள் வந்த மாசத்து மின்சாரப் பில் கொண்டாந்தீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பில்லைக் கொடுத்தால் என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும். கொடுக்காவிட்டால் என்ன வரும் என்பது கூடத்துச் சுவரில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எடுத்து வைத்தாள்.

"சரி, இந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ணுங்க. மூணு தடவையும் ஏன் கதவு திறக்கலைங்கிற காரணத்தைக் கண்டிப்பா எழுதணும்."

பல்லுக்காரர் பேனாவை வாங்கினார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கடிக்க முடியாமல் போகும் என்று பல்லை நிறுத்தி வைக்கிற விரல்கள், 'வெளியூர் சென்றிருந்தோம்' என்று கோணல்மாணலாக எழுதின. எழுதி முடித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அதிகாரி படிவத்தைப் படித்தார், பில்லைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"ஊர்லயே இல்லாத மாசத்துல நாலு வீட்டுக்கு ஆகிற கரண்ட் ஓடியிருக்கே. ரெண்டு பேரும் வெளியூர்ல இருக்கும்போது உள்ள என்ன ஓடிச்சு?"

  பின்தெருத் தச்சர் உளியோடு பல்லுக்காரர் கண்முன்னால் வந்து நின்றார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மனைவிதான் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மோட்டார் ஓடிச்சுங்கம்மா. இவர் பல்செட் செய்யறவரு. நாங்க எங்கேயும் போகலை. மூணு தடவையும் உள்ளதான் இருந்தோம். பயந்துக்கிட்டுக் கதவைத் திறக்கலை."

 அதிகாரி பழைய படிவத்தைக் கிழித்துப்போட்டுப் புதியதை நீட்டினார்.

"இதை அப்படியே எழுதுங்க. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வருவார். நேர்ல பார்த்துக் குடியிருக்கீங்கன்னு எழுதினா பச்சையை மாத்தலாம். அதுதான் கடைசி நாள். அன்னிக்கும் வீடு பூட்டிக் கிடந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"மோட்டார்?"

"அது தனி. அதை இப்ப கேட்காதீங்க."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வீடு தயாராகிவிட்டது. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் முன்பக்க ஜன்னலைத் திறக்கப் பார்த்தார்கள். மரம் இறுகிப்போய் அது திறக்கவில்லை. மனைவி வாசலைக் கழுவி, இரண்டு நாற்காலி போட்டு, துணியை முன்பக்கமே உலர்த்தினாள். சும்மா உட்கார்ந்திருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததால் பல்லுக்காரர் பாதியில் நின்ற ஒரு மேல்வரிசைப் பல்செட்டை எடுத்து மோட்டாரில் வைத்தார். ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. அலமாரித் தட்டுகளில் நோயாளிகளின் அளவுக்கு வார்த்த பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகத் திறந்திருந்தன. வழக்கமாக அவர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. அன்றைக்கு எல்லாம் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

பதினொன்றேகால் மணிக்குக் கத்தரிக்கோல் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. அளவைக்காரர் வந்துவிட்டார் என்று சந்தோஷமாகத் தகவல் சொல்வதாகத்தான் தையல்காரி நினைத்தாள்.

பல்லுக்காரர் கை சுவிட்சை அணைத்தது. அவர் அணைக்கவில்லை, கைதான் அணைத்தது. மனைவி கதவை உள்ளே தாழிட்டுத் திரையை இழுத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு பேரும் அலமாரிக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு தட்டப்பட்டது.

போய்த் திற என்று அவர் மனசு கத்தியது. மனைவி கண்ணாலேயே 'போங்க' என்றாள். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் பழக்கிய கால், அதற்கு நிற்கத்தான் தெரியும். மறுபடி தட்டினார்கள். "சார், இருக்கீங்களா?" என்று ஒரு களைத்த குரல் கேட்டது. இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. எதிர்வீட்டிலிருந்து தையல்காரி, "உள்ளதான் இருக்காங்க, நிஜமா இருக்காங்க," என்று கத்துவது கேட்டது.

"போன தடவை நீங்கதானேம்மா யாரும் இல்லைன்னீங்க," என்றது அந்தக் குரல்.

செருப்புச் சத்தம் வாசற்படியில் இறங்கியது.

மனைவியின் கண்ணில் நீர் முட்டி நின்றது. அவளுக்கும் அசைய முடியவில்லை. பல்லுக்காரர் பக்கவாட்டில் கையை நீட்டினார். முன்னறையும் சமையலறையும் ஒட்டியிருக்கிற சின்ன வீடு அது. நின்ற இடத்திலிருந்தே எட்டக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் அலறியது. தெருவே கேட்கிற மாதிரி அலறியது. வாசலைத் தாண்டிவிட்ட செருப்புச் சத்தம் நின்றது, திரும்பியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவருக்குக் கால் வந்தது. போய்த் தாழ்ப்பாளை எடுத்தார். வெயிலில் நின்ற அளவைக்காரர் அவரையும், அவருக்குப் பின்னால் நின்ற மனைவியையும், திறந்த வாய்களின் வரிசையையும், சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரையும் பார்த்தார்.

"மூணு தடவையும் இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதாங்க. இதோ, இந்த அலமாரிக்குப் பக்கத்துல."

அளவைக்காரர் அட்டையில் எழுதினார். 'குடியிருப்பு' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதி அவரிடம் காட்டினார். பிறகு அடுத்த தாளைப் புரட்டி, 'அனுமதியற்ற மோட்டார்' என்ற இடத்திலும் 'ஆம்' என்று எழுதினார். அதையும் காட்டினார். மனிதர் நல்லவர்தான், எதையும் மறைக்கவில்லை.

"ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். மூன்று வாரத்தில் வீடு மஞ்சளாயிற்று. நாலாவது வாரம் மோட்டாரின் சுவிட்சுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. இயந்திரத்தைத் தூக்கிப் போகவில்லை, அதுவே பெரிய தயவு என்றார்கள். இப்போது அவர் உப்புத்தாளும் துணியும் வைத்துக் கையாலேயே மெருகேற்றுகிறார். ஒரு மணி நேர வேலை ஒரு நாள் பிடிக்கிறது. டாக்டர்களில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பின்தெருத் தச்சரிடம் சொல்லிச் செதுக்கி முன்பக்க ஜன்னலைத் திறந்தாயிற்று, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. மறைக்க அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

தையல்காரி கத்தரிக்கோலைத் தொடுவது துணி வெட்ட மட்டும்தான். ஆனாலும் யாராவது கதவைத் தட்டினால், அது தபால்காரராகவே இருந்தாலும், பல்லுக்காரர் கை அந்த அரக்கின்மேல் போய் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் வருகிறது. மனைவி அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள்.