அவளே பார்த்துக்கொண்டாள்

என் தம்பிக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரியாது. ஐம்பது வயதாகிறது. அம்மா இருந்தவரை அவன் பல் விளக்கத் தண்ணீர்கூட மொண்டு வைப்பாள். கட்டிக்கொண்டு வந்தவள் இரண்டு வருஷத்தில் அவனை விட்டுப் போய்விட்டாள். அம்மா இறந்த பிறகு சேரன்மகாதேவி வீட்டில் தனியாக இருக்கிறான். அம்பாசமுத்திரத்திலிருந்து நான் போனால்தான் அங்கே உலை கொதிக்கும்.

அவனைப் பார்த்துப் பயந்துதான் என் மகளை வளர்த்தேன். ஒரே பிள்ளை. ஆறாம் வகுப்பில் ஒருநாள் சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போனாள். நான் வேலைக்குப் போகும் வழியில்தான் அவள் பள்ளிக்கூடம்.

“போற வழியில குடுத்துட்டுப் போயேன்” என்றார் என் கணவர்.

“ஒருநா பசிச்சா மறக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெறுங்கையோடு நடந்தேன்.

சாயங்காலம் வந்தவள் அழவில்லை. புளித்த சோற்றைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறக்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. கல்லூரி விண்ணப்பம், விடுதி, பின்னால் சென்னையில் வேலை எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள்.

போன ஆவணியில் நாங்குநேரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து அறையில் அவளுடைய சேலைக் கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்தேன். அடிவயிற்றில், வலப்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

“என்னட்டி இது?”

“குடல்வால் ஆபரேஷன்மா. மாசியில பண்ணுனது.”

“மாசியிலயா? ஒரு வார்த்த சொல்லிருந்தா ஓடி வந்திருப்பேம்லா. கூட யாரு இருந்தா?”

“கூட வேலை பாக்குற பிள்ளை வந்து கையெழுத்துப் போட்டா. மூணு நாள்ல வீட்டுக்கு வந்துட்டேன்.”

மாசியிலும் ஞாயிறு தவறாமல் பேசினோமே. ஒரு ஞாயிறு மட்டும், வேலை அதிகம் என்று சீக்கிரம் போனை வைத்துவிட்டாள்.

“வலிக்கையில அம்மாவ நெனைக்கலியா?” என்று கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பில் ஊசி குத்திக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

“நெனச்சேன். ஆனா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்லா. டாக்டரைப் பாத்தியா, மாத்திரை போட்டியான்னு கேப்ப. ரெண்டையும் பண்ணிட்டேன்.”

குரலில் குற்றம் சொல்லும் சாயல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் பத்து நாள் அவளோடு இருந்து சமைத்துப் போடலாம் என்று சென்னைக்குப் போனேன். “எதுக்கும்மா அலையுத?” என்று கேட்டுவிட்டு, காபி போட்டுக் கொடுத்தாள். நான் எழுந்திருக்கும் முன்பே துணி துவைத்துக் காயப் போட்டிருந்தாள். மதியச் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டாள். எனக்கும் ஒரு பங்கு மூடி வைத்திருந்தாள். அவள் வேலைக்குப் போன பிறகு, துடைக்க எதுவும் மிச்சமில்லாத அந்த அடுப்படியில் துணியும் கையுமாக நின்றேன்.

நாலாம் நாள், ஊருக்குக் கிளம்புகிறேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ரயிலில் என் பையைத் தூக்கி வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, “எறங்குனதும் போன் பண்ணும்மா” என்றாள். வண்டி நகர்வதற்கு முன்பே திரும்பி நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஆபீஸ் இருந்தது.