நான் போகாத பனிமலை

நான் நாற்பது வருடம் தாதியாக வேலை செய்தவள். பேய், ஆவி, சகுனம் என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன். எத்தனையோ பிணங்களோடு தனியாக இருந்திருக்கிறேன், ஒன்றுகூட எழும்பி என்னிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை. ஆகவே இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். விடுதியில் தமிழ் பேச இரண்டே பேர், நானும் ரோசலினும். அவள் மலேசியாவில் கிள்ளான் பக்கத்துப் பெண், கிறிஸ்தவள், பேச்சில் அந்த ஊர் வழக்கப்படி ‘லா’ சேர்ப்பாள். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அவளை ‘நீர்’ என்று மரியாதையாகக் கூப்பிட, அவள் ஏதோ நாடகம் பார்ப்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனாலும் என் அறைக் கதவைத் தட்டாமல் திறக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ரோஸுக்குப் பனி பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பெரிய பனிச்சறுக்கு மலைகள் எங்களுக்கு எட்டாதவை. ஆனால் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன மலை இருந்தது. ஒரு குடிசைக் கடை, ஒரே ஒரு சரிவு, பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துவிடும் ஒரு கயிறு, அவ்வளவுதான் அங்கே. விடுதிப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு பஸ் ஒழுங்கு செய்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ரோஸ்தான் இரண்டு பேரின் பெயரையும் எழுதினாள். பிறகு ஆறு வாரம் எங்களுக்கு அதே பேச்சுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைக்க நான் மூன்று பேரோடு டியூட்டி மாற்றினேன். சேலைக்கு உள்ளே இரண்டு காற்சட்டை போடலாமா, சேலையே வேண்டாமா என்று விடுதிக் குசினியில் சமைத்துக்கொண்டே சண்டை பிடித்தோம். பனியில் போடச் சப்பாத்து வாடகைக்கு எங்கே எடுப்பது, பாண் துண்டுகளுக்கு நடுவே மீன் சம்பல் வைப்பதா முட்டை வைப்பதா என்பதெல்லாம் அவளுடைய கொப்பியில் எழுதியிருந்தது.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது அம்மாவின் கடிதம் வந்தது. சாத்திரியாரிடம் என் சாதகக் குறிப்பைக் காட்டினாராம், ஆவணி முடியும்வரை எனக்குத் தண்ணீரில் கண்டமாம், கடல், குளம், கிணறு ஒன்றுக்கும் கிட்டப் போகாதே என்று எழுதியிருந்தார். நான் சிரித்தேன். மெல்பேர்னில் எந்தக் கிணறு? கடிதத்தை மடித்து உடுப்புப் பெட்டியின் அடியில் போட்டேன். போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தபோதுதான், பனியும் தண்ணீர்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. நம்பிக்கை இல்லாதவள் நான், நம்புகிறவர்களைவிட மோசமாகப் பயந்தேன், அதுதான் உண்மை. இதை ரோஸிடம் சொல்ல வெட்கம். அவளிடம் நான் எத்தனை தடவை சாத்திரக்காரர்களைக் கிண்டலடித்திருக்கிறேன்!

ஞாயிறு விடிய தெர்மாமீட்டரைச் சூடான தேத்தண்ணிக்குள் வைத்து எடுத்து அவளிடம் காட்டினேன்.

“எனக்குக் காய்ச்சல் ரோஸ். நீர் போயிட்டு வாரும்.”

“நீ இல்லாம நான் மட்டும் எப்படி லா போறது? அங்க எனக்கு யாரத் தெரியும்?” என்றாள். கண் கலங்கிவிட்டது. “நாம சேர்ந்துதானே போறதா இருந்தோம்.”

நான் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். அவள் இருவருக்கும் செய்த பாணைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள். அந்த முதுகை நான் பார்க்கவில்லை, ஆனால் படியிறங்கும் காலடிச் சத்தம் கேட்டது.

மத்தியானம் வரை சும்மா கிடந்தேன். பிறகு நித்திரை வந்தது. அப்படி ஒரு நித்திரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விடுதிப் பொறுப்பாளர் ஒன்றரை மணிக்கு சூப் கொண்டுவந்து, தோளைப் பிடித்து மூன்று தடவை உலுக்கியும் நான் எழும்பவில்லையாம், பயந்து நாடி பார்த்துவிட்டுப் போனாராம். ஐந்து மணிக்கு விழித்தபோது இடது கை மரத்துப்போய்க் குளிர்ந்திருந்தது. கையின் மேல் படுத்திருப்பேன் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு பஸ் வந்தது. ரோஸ் மாடியேறி ஓடிவந்து, கதவைத் திறந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

“காய்ச்சலோட எதுக்கு லா வந்த? எனக்காகவா வந்த?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளை இருத்தி, மெல்ல மெல்லக் கேட்டேன். கடைக் கழிவறையில் நீண்ட வரிசையாம். இவள் பொறுக்கமாட்டாமல் சறுக்குக் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு மரங்களுக்குப் பின்னால் போயிருக்கிறாள். திரும்பும்போது மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. ஒரு கையுறையையும் தொலைத்துவிட்டாள். கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை. களைத்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நினைத்த நேரம் நான் வந்தேனாம். கையுறை இல்லாத கையைப் பிடித்துத் தூக்கி, இரண்டு மணி நேரம் நடத்திக் கொண்டுவந்தேனாம். கடை வெளிச்சம் தெரிந்ததும் திரும்பிப் பார்த்தாளாம், நான் இல்லையாம். மற்றப் பெண்கள் கண்டது மூடுபனியிலிருந்து தனியாக வந்த ரோஸை மட்டும்தான்.

குளிரில் மூளை குழம்பும், இல்லாத ஆட்கள் தெரிவார்கள், அதெல்லாம் நாங்கள் படித்ததுதான். அதைத்தான் அவளுக்குச் சொன்னேன். கைகளையும் பார்த்தேன். கையுறை போட்டிருந்த இடது கையின் விரல் நுனிகள் வெளுத்து விறைத்திருந்தன. வெறுங்கையாக இருந்த வலது கை கதகதப்பாக இருந்தது.

அப்போது அவள் கேட்டாள். “புவனா, கண்டம்னா என்னா? தண்ணியில கண்டம்னு அம்மா எழுதியிருக்காங்க, அதான் வரலன்னு நடக்கும்போது சொன்னியே.”

அந்தக் கடிதத்தை நான் எவருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வேறு என்ன சொன்னேன், இரண்டு மணி நேரம் என்னதான் பேசினேன் என்று அவளுடைய தோளைப் பிடித்துக் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

“அத சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்ட. ‘நானே வந்து கேட்டாலும் என்கிட்ட சொல்லாதே’ன்னு சொன்ன.”

கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சல் பொய் என்பதை மட்டும் ஒருநாள் ஒப்புக்கொண்டேன். “தெரியும். அதையும் நீயே சொன்ன,” என்றாள். அவளுக்கு என்மேல் கோபமே இருக்கவில்லை. அவளை ஏமாற்றித் தனியாக அனுப்பியவள் நான், அவளோ இன்றுவரை உயிரைக் காப்பாற்றியவள் என்றுதான் என்னைக் கொண்டாடுகிறாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசுகிறது.

ஐம்பது வருடமாகிறது. அவள் இப்போது சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் மகனோடு, நான் இங்கே மெல்பேர்னில் மல்கிரேவில். பேசிக்கொள்வோம், பேரப்பிள்ளைகள், முழங்கால், எல்லாம் பேசுவோம். ஆனால் கல்யாணமாகி நாங்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்த வருடத்திலிருந்து, நவம்பரில் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் அவள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை என்று போன் பண்ணுவாள். என் பிறந்தநாளும் அல்ல, அவளுடையதும் அல்ல, மலைக்குப் போன நாளும் அல்ல. “நல்லா இருக்கியா?” என்பாள். ஓம் என்பேன். வைத்துவிடுவாள். ஏன் அந்த நாள் என்று நான் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன், மலையில் கொடுத்த சத்தியத்துக்குள் அதுவும் இருக்கிறது என்று விளங்கியதால்.

போன நவம்பரில் இரவு போன் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷமா, துக்கமா என்று குரலில் பிடிபடவில்லை. “இன்னும் ஒரு வருஷந்தான் புவனா,” என்றாள். என்ன ரோஸ், எதற்கு ஒரு வருஷம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

இப்போது ஒக்டோபர் கடைசி, அந்த நாள் கிட்ட வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.