அசையும் படமும் அசையாத கனகலிங்கம் அண்ணையும்

திரைப்படத்தையும் காணொளிக் கலையையும் பற்றிய கோட்பாடுகளைப் படிக்கிறவள் படம் எடுக்கவும் மாட்டாள், நடிக்கவும் மாட்டாள், தியேட்டரில் டிக்கெட்டும் கிழிக்க மாட்டாள். படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவாள். வன்னியில், உருத்திரபுரத்து வீட்டில் இருந்துகொண்டு, போன் வழியாகப் படித்து இரண்டு வருடம் நான் இப்படிச் சொறிந்தேன். கலியாண வீட்டில் "இப்ப என்ன செய்யிறியள்?" என்ற கேள்விக்குப் பயந்து குசினிப் பக்கம் ஒளிந்தவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ரீவி வைத்தியம்

ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். படிவத்தில் நான் எழுதியிருந்த 'அசையும் படிமக் கோட்பாடுகள்' என்பதை அங்கிருந்த எழுதுவினைஞர் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். "அசையிற படம் எண்டா ரீவிதானே பிள்ளை?" என்றார். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. "ஓம், அதுவும் வரும்" என்று சொல்லித் தப்பி வந்தேன்.

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில், படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிய ரீவியோடு அதே எழுதுவினைஞர், படிவத்தில் இருந்த விலாசத்தைப் பிடித்து, எங்கள் வீட்டுப் படலையில் நின்றார். படம் நின்று நின்று வருகிறதாம். அப்பா கதிரை போட்டார், அம்மா தேத்தண்ணி போட்டா, நான் வேறு வழியில்லாமல் ரீவியின் முதுகைத் திருப்பினேன். ஒரு வயர் கழன்று தொங்கியது. அதைக் குத்தியதும் படம் பளிச்சென்று வந்தது. திரைக்கும் பார்வையாளருக்கும் உள்ள உறவைப் பற்றி நானூறு பக்கம் வாசித்துக் கிடைக்காத மரியாதை அந்த ஒரு வயரால் கிடைத்தது. போகும்போது அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பெட்டையைப் படிப்பிச்சது வீண் போகேல்லை அண்ணை."

முப்பது நிமிடம்

கமராவை ஓரிடத்தில் நிறுத்தி, முப்பது நிமிடம் அசைக்காமல், வெட்டாமல் ஒரு காட்சி எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி. காலம் போவதைப் பார்ப்பவர் உணர வேண்டுமாம். நான் வாய்க்கால் கட்டில் மூன்றுகால் ஸ்ராண்டை ஊன்றி, வயலைப் பார்க்கக் கமராவைப் பூட்டினேன். எங்கள் பக்கத்தில் வயலோரம் மூன்று காலில் ஏதாவது நின்றால் அது காணி அளக்கிற சேவையரின் கருவிதான். சேவையர் வந்தால் யாருடைய காணியோ போகப்போகிறது என்று அர்த்தம். இது எனக்கு அந்த நேரம் யோசனையில் வரவில்லை.

ஐந்தாவது நிமிடம் பக்கத்து வயல்காரர் கனகலிங்கம் அண்ணை மண்வெட்டியோடு ஓடிவந்தார். "ஆர் பிள்ளை அளக்கச் சொன்னது?" என்று கேட்டார். "அளக்கேல்லை அண்ணை, இது படிப்புக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. நேரே போய்த் தன் வரப்பில் கமராவைப் பார்த்தபடி நின்றார். மிச்சம் இருபத்தைந்து நிமிடமும் நின்றார். மூக்கில் இலையான் பறந்து வந்து இருந்தது, அதற்கும் அசையவில்லை. அந்தக் காணியின் பத்திரத்துக்காக அவர் எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மனம் வரவில்லை.

"மனித உடலே நிலத்தின் எல்லையாக மாறும் அபூர்வத் தருணம்" என்று எழுதி, விரிவுரையாளர் வகுப்பிலேயே கூடிய புள்ளியை எனக்குப் போட்டா. அதைச் சொல்லி நன்றி கூறலாம் என்று அண்ணையிடம் ஓடினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அதெல்லாம் இருக்கட்டும், எத்தினை ஏக்கர் போகுது எண்டு உண்மையைச் சொல்லு பிள்ளை."

பார்வை

அடுத்த பாடம் பார்வை பற்றியது. திரையில் வரும் பெண்ணை யாருடைய கண் பார்க்கிறது, அந்தக் கண் அவளை என்ன செய்கிறது என்று விரிவுரையாளர் போனில் நடந்த வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தா. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டா. "ஒருவரின் பார்வைக்கு இன்னொருவரைச் சிதைக்கும் வல்லமை உண்டு" என்ற இடம் வந்ததும் எழுந்து குசினிக்குள் போனா.

திரும்பி வரும்போது கையில் செத்தல் மிளகாயும் உப்பும். என் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டா. புகை வந்த வேகத்தில் நான் இருமிய இருமல் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. "உங்கள் பக்கம் ஏதாவது பிரச்சினையா?" என்று விரிவுரையாளர் கேட்க, நான் சிரிப்பை அடக்க, அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது: "கண்ணூறு பொல்லாதது எண்டு படிச்ச மனிசியே சொல்லுறா, நீ பல்லைக் காட்டுறாய்."

ஓட்டை

கடைசிப் படைப்பைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். பரிசோதகர் நேரில் வருவார். அதில் சித்தியடையாவிட்டால் இரண்டு வருடமும் தண்ணீரில் போய்விடும். முல்லைத்தீவுக் கரையில் எனக்குத் தெரிந்த மீனவப் பெண் மேரி அக்கா பிய்ந்த வலையைப் பொத்துவதை ஆறு நிமிடக் காணொளியாக எடுத்தேன். ஓட்டை மூடுவதற்குச் சற்று முன்னால் படம் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி செய்தேன். 'முடிவில்லா உழைப்பு' என்று ஒரு குறிப்பும் எழுதி ஒட்டினேன். மீனவர் மண்டப யன்னல்களைச் சாக்கால் மறைத்து, மத்தியானம் படம் ஓடியது.

இரண்டாம் சுற்றில் ஒருவர் "தங்கச்சி, சீடி இறுகிப்போச்சுது, திரும்பத் திரும்ப அதுதான் வருது" என்றார். நாலாம் சுற்றில் மேரி அக்கா எழும்பி வெளியே போய்விட்டா. அவவின் மனதை நோகடித்துவிட்டேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தோளில் வலையோடு திரும்பி வந்தா. அங்கிருந்த தன் மச்சானை ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, திரைக்கு முன்னால் வலையை விரித்தா. புரொஜெக்டர் வெளிச்சம் வலையில் விழ, திரையில் பொத்திக்கொண்டிருந்த கைகள் இப்போது பொத்தி முடிந்த வலையின்மேல் அசைந்தன. "வடிவாப் பாருங்கோ, அண்டைக்கே பொத்தி முடிச்சனான்" என்றா. மண்டபமே கை தட்டியது. "இது உங்கள் திட்டத்தில் இருந்ததா?" என்று பரிசோதகர் காதோடு கேட்டார். எனக்குப் புள்ளி வேண்டும். "ஓம்" என்றேன். அவர் பக்கம் பக்கமாக எழுதினார்.

பின்னேரம் பரிசோதகரும் நானும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அவர் அந்த வலையைப் புகழப் புகழ என் முகத்தை வைக்க இடமில்லை. "சேர், அது நான் யோசிச்சதில்லை. மேரி அக்கா தானாச் செய்தது" என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பைத் திறந்து என் பெயருக்குக் கீழே அவவின் பெயரையும் எழுதினார். அந்த வாரம் முழுவதும் முடிவு வந்துவிட்டதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தியடைந்த செய்தியை முதலில் மேரி அக்காவுக்குத்தான் போனில் சொன்னேன். "சந்தோசம்" என்றவ உடனே கறாரான குரலுக்கு மாறினா: "இனி அந்தப் படத்தை எங்கை காட்டினாலும் என்னையும் கூப்பிடு, ஓட்டையோடை விட்டிட்டு வராதை."

திரைக்கு முன்னால் பார்வையாளர் வாய்மூடி இருப்பார் என்று எழுதிவைத்தவர்களில் ஒருவரும் வன்னிப் பக்கம் வந்ததில்லை என்பதை மட்டும், சான்றிதழ் கையில் இருக்கிற துணிவில், என்னால் அடித்துச் சொல்ல முடியும்.