ஏழாவது பொந்தும் மூன்று வளையங்களும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே நா எழாது. எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லப்பன் திருடன் இல்லை. அவனைத் திருடனாக்கியவன் நான்!

எண்பதுகளின் கடைசி. மாடம்பாக்கத்துத் தோப்புகளில் மரங்கொத்திகளை ஆராய்ந்த ஓர் அம்மாவிடம் இருவரும் வேலை பார்த்தோம். எல்லப்பன் ஏணியைச் சுமந்து வந்து பிடித்துக்கொள்வான். நான் ஏறி, பொந்தின் பக்கவாட்டில் வெட்டி மூடியிருந்த சிறு கதவைத் திறந்து, குஞ்சுகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுவேன், நோட்டில் எழுதுவேன். இறகு முளைக்கும் பருவத்திலேயே மாட்டிவிட வேண்டும். நாள் கடந்தால் தொடவே கூடாது. மிரண்டு குதித்துவிடும்.

ஏழாவது பொந்துக்குரிய நாளில் மழை. நாங்கள் போகவில்லை. ஆனால் முந்தைய வாரம் எண்ணியதை வைத்து நான் வீட்டில் படுத்தபடி எழுதினேன்: ‘குஞ்சு மூன்று. வளையம் மாட்டியாயிற்று.’

எழுதியதை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன்... ஐந்து நாள் கழித்து! எல்லப்பன் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருந்த மதியம், அவன் வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துப்போய்த் தனியே ஏறினேன்.

கதவைத் திறந்ததுதான் தாமதம். மூன்றும் மறுபக்கத் துளை வழியே குதித்தன. சிறகு தாங்கவில்லை. நான் இறங்குவதற்குள் காகங்கள் இரண்டைத் தூக்கிவிட்டன. மூன்றாவது முள்புதருக்குள் கத்திக்கொண்டிருந்தது... பிறகு கத்தவில்லை.

மறுநாள் அந்த அம்மா காலிப் பொந்தைப் பார்த்தார்.

“ரிங் போட்டு ஆறு நாள்தான் ஆகுது. பறந்திருக்காது. காக்கா தின்னிருந்தா கீழ ரிங்காவது கிடக்கணும். எல்லப்பா, நீ முன்னாடி கிளி பிடிச்சு வித்தவன்தானே?”

“கிளின்னா பேசும்மா, வாங்குவாங்க. மரங்கொத்திய எவன் வாங்குவான், வூட்டுக் கதவக் கொத்தவா?” என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறியது.

“அம்மா, அன்னிக்கு மழ. நாங்க இந்தப் பக்கமே வர்ல. நீயே சொல்லுண்ணா!”

என் சட்டைப்பையில் மூன்று வளையங்களும் இருந்தன. நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தன. எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

நான் நோட்டைப் பார்த்தபடி சொன்னேன்: “வந்தோம்.”

எல்லப்பன் என்னையே பார்த்தான். “இன்னாண்ணா...” என்றான். ஏணியை மரத்தில் சாத்திவிட்டு நடந்தான்.

கூச்சத்தால் வாய் அடைத்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய்! அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் திறந்ததே?

சில வருடங்களுக்குப் பின் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் அவனைக் கண்டேன். தூணுக்குப் பின்னால் நின்றேன், வண்டி போகும்வரை. வளையங்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் கேட்டால் காட்டுவேன்... அவன் கேட்டால்?

எல்லப்பன் வேலையை விட்டுப் போன மறுநாள், ஏணியை நான் ஒருவனே சுமந்து எட்டாவது பொந்துக்குப் போனேன். குஞ்சு இரண்டு. வளையம் மாட்டினேன்.