உள்ளங்கையில் மூன்று சொட்டு வைன்

சுவிஸில், வின்டர்தூர் நகருக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டமொன்றில் நிற்கிறோம். மருமகன் வேலை கேட்டு வந்திருக்கிறார். தோட்டத்துச் சொந்தக்காரர் தான் வடித்த சிவப்பு வைனை எனக்கும் நீட்டுகிறார்.

“நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ மாமி,” என்று மருமகன் கெஞ்சுகிறார்.

நான் குடிக்கிறவள் இல்லை. குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் மூன்று சொட்டு விட்டு நக்குகிறேன்.

“தண்ணிப் பதம். புளி தூக்கலாய் நிக்குது. பழம் வெயிலைக் காணேல்லை. உள்ளதை அப்பிடியே அவருக்குச் சொல்லுங்கோ தம்பி.”

மருமகன் வியர்க்க வியர்க்க ஜெர்மனில் சொல்கிறார். தோட்டக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ கதைக்கிறார்.

“குளிர் மலை வைனின்ர குணமே அதுதானாம். நாளைக்கு வந்து மிச்சப் பீப்பாயளையும் ருசி பார்க்கட்டாம்,” என்கிறார் மருமகன்.

“அப்ப வேலை கிடைச்சிட்டுதோ?”

“ஓம் மாமி, உங்களுக்கு.”