பதினெட்டு டிகிரியில் இரண்டு கம்பளங்கள்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மே மாதத்தில், ஒரகடத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு வாடகை வீட்டின் கூடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிக் கம்பளங்களை விரித்தேன். அதோடு நின்றிருந்தால் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். கம்பளம் விரித்த வீட்டில் குளிர் இல்லாமல் இருப்பது முறையல்ல என்று பட்டதால் ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். கால் சில்லிட்டது. கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டேன். கார், டயர், கைபேசி என்று இந்தத் தொழிற்பேட்டைச் சாலையின் இரு பக்கமும் என்னென்னவோ தயாராகின்றன. மே மாதத்தில் ஒரு ஜனவரியைத் தயாரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் பிறந்தது வாலாஜாபாத்தில். அங்கிருந்து ஒரகடத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் போலந்து வழியாக வந்ததால் பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். கம்பெனி இங்கே கிளை திறந்து, "உன் ஊர்தானே, போ" என்று அனுப்பிவைத்தது. என் மனைவி ரெஜினா அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், அவள் வரவில்லை. "ஊருக்குத் திரும்பணும்னா நான் நாகர்கோவிலுக்குப் போவேன். ஒரகடத்துல எனக்கு யாரு உண்டு?" என்றாள். வாடகைக்கு எடுத்த வீட்டைக் கைபேசியில் சுற்றிக்காட்டியபோது, "அது லாட்ஜ் மாதிரி இருக்கு. வீடுன்னு சொல்லாதீங்க" என்றாள். மே மாதம் பத்து நாள் வந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு முடிவு சொல்வாள் என்று ஏற்பாடு. அவள் வேண்டாம் என்றால், ஆளுக்கொரு கண்டத்தில் இருந்துகொண்டு திரையில் சாப்பாடு விசாரித்தே மிச்சக் காலம் போய்விடும். அதனால்தான் அவளுக்குப் பழகிய கூடத்தை அப்படியே இங்கே விரித்துவைக்கலாம் என்று எண்ணினேன். கம்பளங்களைப் பெட்டியில் போட்டு நான் எடுத்து வந்தது அவள் சம்மதத்தோடுதான். முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கம்பளங்கள் எங்களுக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். போலந்தில் முதல் குளிர்காலம். மரத்தரை. நாங்கள் இருவரும் குதிகால் பதிய வெறுங்காலோடு நடக்கிறவர்கள். ஒருநாள் கீழ்வீட்டு பானி ஹலினா கதவைத் தட்டினார். பானி என்றால் அங்கே அம்மணி. தோளில் சுருட்டிய பழுப்புக் கம்பளம். நீளமாக ஏதோ சொன்னார். எங்களுக்குப் போலிஷ் மொழியில் நன்றி என்ற ஒரே சொல்தான் தெரியும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு டப்பா முறுக்கு கொடுத்து அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இம்முறை சின்னதாக, ஆட்டு மயிர் புசுபுசுவென்று நிற்கும் வெள்ளைக் கம்பளம். மறுபடி நீளமான பேச்சு, மறுபடி நன்றி, அதிரசம். என்ன நல்ல ஜனங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதினேன். அடுத்த ஆண்டு மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. முதல் முறை, 'உங்கள் காலடி என் தலையில் கேட்கிறது.' இரண்டாம் முறை, 'இன்னும் கேட்கிறது.'

ஆக, பத்திரிகைகளில் அலங்காரம் என்று படம்போட்டு விளக்குகிற அந்த அடுக்கு, எங்கள் வீட்டில் ஒரு புகாரின்மேல் இன்னொரு புகாராக வந்து சேர்ந்தது. ஆனால் சொரசொரப்பான பழுப்பின் நடுவே வெள்ளை கிடந்த அழகும், அதில் கால் வைத்ததும் கணுக்கால்வரை ஏறிய சூடும் உண்மை. அந்த நாட்டில் ரெஜினா முதன்முதலாக உட்கார்ந்து அழாமல் ஊருக்குப் பேசியது அதன்மேல்தான். ஜனவரியில் புதுப்பனி விழுந்ததும் கம்பளத்தை அதன்மேல் குப்புறப் போட்டு அடித்துச் சுத்தம் செய்ய அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் பானி ஹலினாதான்.

ஒரகடத்தில் பனிக்கு வழியில்லை, தூசிக்குக் குறைவில்லை. வீட்டு வேலைக்கு மண்ணூரிலிருந்து வரும் ஸ்டெல்லா முதல்நாளே வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னா சார், வூட்ல எதுனா விசேஷமா?"

"இல்லம்மா. சும்மாதான் விரிச்சிருக்கேன்."

"சும்மாவா? பொண்ணு பாக்க வந்தாதான் சார் இந்த மாதிரி விரிப்பாங்க. அதுவும் அவங்க போனதும் சுருட்டிடுவாங்க."

"இது சுருட்டறதுக்கில்ல. அழகுக்கு."

"அப்ப அடியில எப்டி சார் தொடைக்கிறது?"

அழகியல் பற்றி நான் அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். எந்த நூலும் இந்தக் கேள்விக்குள் இறங்கியதில்லை. தினமும் அவர் கம்பளத்தைச் சுற்றி, கோலத்துக்குக் கரை கட்டுவதுபோலத் துடைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியேறுவார். "இன்னா குளுரு சார், ஐஸ் கம்பெனியாட்டம் கீது" என்பார்.

ரெஜினா ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். கம்பளத்தைப் பார்த்தாள். ஏசியைப் பார்த்தாள். என் காலுறையைப் பார்த்தாள். "இதுக்கு நான் அங்கேயே இருந்திருப்பேனே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். பதினேழு ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு அனுபவம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

மாலை நான்கு மணிக்கு அழைப்புமணி. கீழ்த்தளத்துக் கலா. கைபேசித் தொழிற்சாலையில் லைனில் நிற்கிற பெண். மாடிப்படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். கையில் ஒரு பை மாம்பழம். பின்னால் அவர் மாமியார், இரண்டு பிள்ளைகள், அதற்கும் பின்னால் அடுக்ககத்தின் பாதி. எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுக் கம்பளத்தின் விளிம்பில் நின்றார்கள். "மிதிக்கலாமா சார்?" என்று கேட்ட கலா, பதிலுக்குக் காத்திராமல் மிதித்தார். ஐந்து நிமிடத்தில் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் தவணையில் வாங்கிய சோபாவில் ஒருவரும் உட்காரவில்லை.

சத்தம் கேட்டு ரெஜினா தலை கலைந்தபடி எழுந்து வந்தாள். கூடம் நிறையத் தரையில் ஜனம். முகம் வெளிறி, "யாரு தவறிட்டா?" என்றாள்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க, பாத்துட்டு போலாம்னு" என்றார் கலா. "குந்துங்கக்கா" என்று அவள் வீட்டிலேயே அவளுக்கு இடமும் ஒதுக்கினார்.

போலந்தில் ஒருவர் வீட்டுக்குப் போக மூன்று நாள் முன்னால் செய்தி அனுப்ப வேண்டும். இங்கே ஒரு மணி நேரத்தில் கலா எங்கள் சமையலறையில் சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்து டீ போட்டார். அது இருக்கும் இடம் எனக்கே தெரியாது. ரெஜினாவிடம் எத்தனை பிள்ளைகள் என்றார்கள், ஏன் இல்லை என்றார்கள், அங்கே கருவாடு கிடைக்குமா என்றார்கள். நான் நெளிந்தேன். ரெஜினா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே கலா வெள்ளைக் கம்பளத்தில் காலை நீட்டி, விரல்களை அந்த மயிருக்குள் விட்டுக்கொண்டார். "எட்டு மணி நேரம் லைன்ல நின்னுக்கினே இருக்கேன்க்கா. இதுல வெச்சா யாரோ கால புடிச்சு வுடற மாதிரி கீது." சொல்லிக்கொண்டே சோபாக் காலில் சாய்ந்தவர், அப்படியே தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை. ரெஜினா உள்ளே போய்த் தன் சால்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, பேச்சைத் தணிந்த குரலில் தொடர்ந்தாள். பதினேழு ஆண்டுகளில் எங்கள் கம்பளத்தில் வந்து தூங்கிய முதல் மனுஷி.

ஒன்பதாம் நாள் காலை, ரெஜினா வெள்ளைக் கம்பளத்தை மட்டும் உதறிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போறியா?"

"வேலையில மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணும்லா. அதுவரைக்கும் அங்க வெறுந்தரையில நடக்க முடியாது. பானி ஹலினா ரெண்டு தடவ மேல வந்துட்டா." பெட்டியை மூடிவிட்டு, "அடியில உள்ளது இங்க கிடக்கட்டும். ஆளு வந்தா உட்காரணும்லா" என்றாள்.

முடிவு அவ்வளவுதான். ஆகஸ்டில் வருகிறாள்.

இப்போது எங்கள் கூடம் இரண்டு நாடுகளில் கிடக்கிறது. அடி அடுக்கு ஒரகடத்தில், மேல் அடுக்கு போலந்தில். இங்கே பழுப்பின் நடுவில், வெள்ளை மூடியிருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் நீள்சதுரமாகத் தெரிகிறது. அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு காலை அதன்மேலும் இன்னொரு காலைத் தரை ஓட்டின்மேலும் வைத்து உட்காருகிறேன். எது வெளிநாடு என்று கால்களுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

சென்ற வாரம் சற்றே பெருமையோடு ஸ்டெல்லாவிடம் சொன்னேன்: "பாத்தீங்களா, அழகுக்குன்னு விரிச்சேன். பில்டிங்கே வந்து உக்காந்துடுச்சு. அம்மாவும் வரேன்னுட்டாங்க."

அவர் துடைப்பானைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார். "நீ வேற சார். அன்னிக்கு கரண்ட் டல்லா வந்துச்சு, கீழ ஒருத்தர் வூட்லயும் ஃபேன் சுத்தல. சார் வூட்ல மட்டும் ஸ்டெபிலைசர் வெச்சு ஏசி பதினெட்டுல ஓடுது, அம்மாவ பாக்கற மாதிரி போய் குந்திக்கினு வாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."