பத்தாவது ஊசி

எங்கள் நர்ஸக்காவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. கொரோனாத் தடுப்பூசி வந்ததிலிருந்து கேட்கவே வேண்டாம். காலையிலேயே தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவாள். தயங்குகிற வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான்: "எங்க வீட்டுக்காரர் முதல் நாளே போட்டுக்கிட்டாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சுன்னாரு." வீட்டுக்காரர் காதுபடவே போனிலும் இதையேதான் அளப்பாள். முகாமில் பெயர் எழுதுகிறவன் நான். அவர் பெயர் என் நோட்டில் இல்லை. ஊசி என்றாலே அவருக்கு உதறல்.

அன்று பத்துப் பேருக்கான குப்பியில் ஒருவருக்கான மருந்து மிஞ்சியது. திறந்த குப்பியை நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இருபது நிமிடம்தான் பாக்கி. அக்கா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்ததில் எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் போனை எடுத்தாள். "சாவியைத் தொலைச்சுட்டேங்க. உங்க சாவிய எடுத்துக்கிட்டு ஓடி வாங்க."

ஓடி வந்தவர் ஊசியைப் பார்த்ததும் திரும்பினார்.

"நீங்க போட்டுக்கலன்னா இது குப்பைக்குத்தான் போகும்" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினார்.

சற்றுமுன் ஊசி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "அண்ணன் எப்பவோ போட்டுட்டாருன்னு சொன்னீங்களேக்கா?"

அக்கா அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கண்ணில் கோத்த நீரைத் துடைத்துக்கொண்டார்.

"இது ரெண்டாவதும்மா" என்றார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு."